ஆள்காட்டி, இரண்டு

நடந்தது இதுதான்:

1. பொத்தேரி கல்லூரியில் கடைசி வருடம் படித்தபோது ஒரு துப்பறியும் கதை எழுதினேன்.
2. ஒரு மாத இதழுக்கு அனுப்பினேன். ஏழு மாதம் பதில் இல்லை.
3. எட்டாவது மாதம் கதை அச்சில் வந்தது.
4. அதில் நான் எழுதாத ஒரு சொல் இருந்தது.

துப்பறியும் கதைகளில் பறவை பார்ப்பவருக்கு ஒரே வேலைதான்: கழுத்தில் பைனாகுலரோடு சந்தேகத்துக்கு ஆளாவது. அவர் பார்ப்பது மரத்தை அல்ல, எதிர்வீட்டு ஜன்னலை என்று மூன்றாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும். பறவை வெறும் சாக்கு. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. என் கதையில் பறவையே சாட்சி சொல்ல வேண்டும்.

மாடம்பாக்கம் ஏரிக்கரையில் ஆள்காட்டிகள் உண்டு. மனிதர் நெருங்கினால் விடாமல் கத்தும் பறவை, பெயரே அதனால்தான். கதையில் பறவை பார்க்கும் ஒருவர் கரையில் கொல்லப்படுகிறார். காலை ஏழு மணி வரை வேறு யாரும் வரவில்லை என்கிறான் ஏரிக் காவலாளி. ஆனால் ஒரு மணி நேரமாக அசையாமல் புதரில் உட்கார்ந்திருந்த, கொலையான அந்த மனிதரின் நோட்டில் கடைசி வரி: "6.10. ஆள்காட்டி, இரண்டு. ஓயாத சத்தம்." அசையாதவரைப் பார்த்து அவை கத்தியிருக்காது; வேறு யாரோ வந்திருக்கிறார்கள். காவலாளியின் பொய் அங்கே உடைகிறது. மொத்தக் கதையும் அந்த ஒரு வரிதான்.

அச்சில் வந்தது: "6.10. ஆள்காட்டி விரல், இரண்டு. ஓயாத சத்தம்."

"யாரு விரல்டி அது?" என்றாள் அக்கா. "ரெண்டும் ஒரே ஆளோடதா? அது ஏன் சத்தம் போடுது?"

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் இருந்த ஒரு ரூபாய் போனிலிருந்து ஆசிரியரை அழைத்தேன்.

"சார், அது பறவை."

"பறவையா? விரல் விட்டுப்போச்சுன்னு புரூஃப் பாக்குறவரு சேர்த்துட்டாரு. பேசாம காக்கான்னு எழுதியிருக்கலாமேம்மா?"

"காக்கா ஆளைப் பாத்துக் கத்தாது சார்."

"எங்க வீட்ல கத்துதே!"

திருத்தம் போடச் சொன்னேன்.

"கதைக்குப் போயி திருத்தம் போட்டா சிரிப்பாங்கம்மா. வந்த லெட்டர்ல எல்லாரும் விரலைத்தான் கேக்கறாங்க. அது யாரோடதுன்னு அடுத்த கதை எழுதிக் குடேன்."

"யோசிக்கிறேன் சார்" என்று வைத்துவிட்டேன். யோசிக்க ஒன்றுமில்லை. பறவையின் படம் வரைந்தும் ஆசிரியருக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்த்தேன். காவலாளி எப்படி மாட்டினான் என்று ஒரு வாசகர்கூடக் கேட்கவில்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

திருத்தம் வரவில்லை. விரல் கதையை நான் எழுதவில்லை. வேறொரு கதை முடித்திருக்கிறேன். அதிலும் பறவைதான் சாட்சி. இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.