சாமி கத்தியின் உறை

எங்கள் கோயில் கத்தி இங்கிலாந்தில் ஒரு பட்டாள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையப் பட்டியலில்தான் பார்த்தேன்: ‘வாள். கல்வராயன் மலைவாசிகளிடம் கைப்பற்றியது. உறை இல்லை.’ கொண்டுபோன அதிகாரியின் குடும்பம் அன்பளிப்பாகக் கொடுத்ததாம். பறித்ததை அன்பளிப்புச் செய்ய அவர்கள் யார்?

உறை எங்களிடம் இருந்தது. கோயிலில் இப்போது சாமி கத்தியாக இருப்பது அதற்குள் லொடலொடவென்று ஆடும். பூசாரி துணி சுற்றிச் செருகி வைத்திருப்பார். சங்கராபுரத்தில் டேப் வாங்கிக்கொண்டு மலையேறி, உறையை அளந்தேன். பட்டியலில் போட்டிருந்த நீளம், அகலம், வளைவு எல்லாமே பொருந்தின.

கத்தியைத் திருப்பித் தரும்படி அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். உண்மையான கத்தி தங்களிடம் இல்லை என்று ஊர்க்காரர்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று பதில் வந்தது. துப்பாக்கியோடு வந்து எடுத்துப்போனபோது அவர்கள் யாரிடமும் கையெழுத்துக் கேட்கவில்லை.

பூசாரி எனக்குப் பெரியப்பா முறை. அவரிடம் முதலில் தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். நானோ ஆடிப் பூசையன்று, ஊரே கூடியிருந்தபோது எழுந்து நின்று சொன்னேன். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.

“அப்ப இது இன்னாடா? கறி வெட்ற கத்தியா?” என்றார் பெரியப்பா.

எங்கள் ஊரில் தகராறு என்றால் போலீஸுக்குப் போவதில்லை. சாமி கத்திமேல் கைவைத்துச் சத்தியம் செய்தவன் சொல்வதுதான் தீர்ப்பு. எட்டு வருஷத்துக்கு முன், ஒரு வரிசைக் கடுக்காய் மரம் யாருடையது என்ற சண்டையில் அப்பாவும் கைவைத்தார். மரங்கள் எங்களுடையவை ஆயின. அந்தக் கடுக்காயில்தான் நான் கல்லூரி முடித்தேன்.

மரங்களை இழந்த மேல்கொல்லைக்காரர் கூட்டத்தில்தான் நின்றிருந்தார்.

“ஆக, உங்கப்பன் கை வெச்சது வெறும் இரும்பு மேல. படிச்ச புள்ள நீயே சொல்லிட்ட. நெசக் கத்தி கப்பல்ல வருதோ பிளேன்ல வருதோ, வந்ததும் அவன மறுக்கா கை வெக்கச் சொல்லு!”

எல்லாரும் சிரித்தார்கள்.

“வெப்பாரு! பத்து தபா வெப்பாரு!” என்று கத்திவிட்டு அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும், ஊரார் கையெழுத்துக்காக நான் எழுதி வைத்திருந்த கடிதத்தை அப்பாவிடம் நீட்டினேன்.

“மொத கையெழுத்து நீ போடுப்பா.”

“வேணாம். அது அங்கியே கெடக்கட்டும். கண்ணாடிப் பொட்டில நல்லாதான கீது.”

“நீதான் மறுபடி சத்தியம் பண்ணுவியே, அப்புறம் இன்னா பயம்?”

“வெவரங்கெட்டவனே,” என்றார். “இது சாமி கத்தி இல்லன்னு எங்கப்பன் எங்கிட்ட எப்பவோ சொல்லிகீறான். தெரிஞ்சிதான்டா வெச்சேன்.”

இதையெல்லாம் என் படிப்புக்காகச் செய்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட நான் தணிந்திருப்பேனோ என்னவோ. சோற்றுத் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு சாப்பிட்டார். வெள்ளைக்காரன்மேல் நான் வளர்த்து வைத்திருந்த வெறுப்பு முழுவதும் அந்தத் தட்டின்மேல் வந்து நின்றது.

மறுநாள் காலையில் மேல்கொல்லைக்காரர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை.

“உங்கப்பன் அனுப்பிச்சானா?”

“இல்ல.”

“தெரிஞ்சா வூட்ல சேக்க மாட்டான்.”

“தெரியும்.”

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கடிதத்தைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். நடுவில் நான் மெதுவாகப் படித்தபோது, “சத்தமா படி” என்று அதட்டினார். முடித்ததும் கட்டைவிரலை நீட்டினார். நான் அதில் மை தடவினேன்.