தொண்டை முதலில், சுவர் கடைசியில்

பிள்ளைகளே, அப்பா என்கிற ஆள் எல்லாம் தெரிந்தவர் மாதிரிதான் பேசுவார். நானும் அப்படித்தான். நான் படித்தது எட்டாவது வரை. சங்கரன்கோவிலில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறி ஓட்டுகிறேன். முகூர்த்த நாள் வந்தால் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஒரு மெல்லிசைக் குழுவோடு கல்யாண வரவேற்புகளுக்குப் போவேன். மேடையில் என் இடம் ஓரம். குழுவைப் படம் எடுக்கிறவர்கள் என்னைப் பாதியாகத்தான் எடுப்பார்கள். கிதார் முழுசாக விழும், முகம் விழாது.

ஒருநாள் எங்கள் குழுவை நடத்துகிற கீபோர்டுக்காரர் வீட்டுக்கே வந்துவிட்டார். காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தார்.

"அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதிய. என் கீபோர்டுலயே கிதார் சத்தம் இருக்கு. ஒரு பட்டனைத் தட்டினா போதும். வேன்ல இடமும் பத்தல."

"நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?"

"நீங்க ஒல்லிதான். உங்க கிதாரும் ஒல்லியால்லா கேக்குது! ராயகிரி கல்யாணத்துக்கு வாங்க. அன்னைக்கு எப்படி இருக்குன்னு பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

ராயகிரியில் சரியாக வாசிக்காவிட்டால் வேனில் எனக்கு இடம் இல்லை. அவ்வளவுதான் விஷயம். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. தறி ஓட்டுகிறவன் என்று என்னைப் பல பேருக்குத் தெரியும். கிதார் வாசிக்கிறவன் என்று தெரிவது அந்த வேனில் ஏறி உட்காரும்போது மட்டும்தான்.

என் சத்தம் ஒல்லி என்றால் அதைக் குண்டாக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். திருநெல்வேலியில் ஒருவர் பாட்டு வேலையை விட்டுவிட்டுப் பழைய சாமான்களைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் போய் மூன்று சின்னப் பெட்டிகள் வாங்கி வந்தேன். பெடல் என்பார்கள். கிதார் சத்தம் ஒயர் வழியாக ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நுழைந்து வெளியே வந்து, கடைசியில் ஸ்பீக்கருக்குப் போகும். காலால் மிதித்தால் பெட்டி வேலை செய்யும், திரும்ப மிதித்தால் சும்மா இருக்கும். சிவப்புப் பெட்டி சத்தத்தைக் கரகரப்பாக்கும். கறுப்புப் பெட்டியைத் தையல் மெஷின் மாதிரி முன்னும் பின்னும் மிதித்தால், கிதார் வாயைத் திறந்து மூடுவது போலக் கேட்கும். நீலப் பெட்டி எக்கோ. ஒரு தடவை தட்டியதைத் திரும்பத் திரும்பச் சொல்லும்.

இந்த மூன்றையும் எந்த வரிசையில் மாட்டுவது? விற்றவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாரே!

வீட்டில் என் மகளையும் மகனையும் உட்கார வைத்துப் பாடம் எடுத்தேன். மகள் ஏழாவது, மகன் மூன்றாவது.

"இங்க பாருங்க மக்கா. நூலைத் தறியில ஏத்துறதுக்கு முன்னாடி என்ன செய்யுதோம்? கஞ்சி போடுதோம். கஞ்சி போட்டாத்தான் நூல் வெறைப்பா நிக்கும். அது மாதிரி ஒல்லிச் சத்தத்துக்கு முதல்ல எக்கோவைக் குடுத்துத் தடியாக்கணும். பெறகுதான் சிவப்புப் பெட்டி. புரியுதா?"

"புரியுது" என்றான் மகன். அவனுக்கு எதுவும் புரியவில்லை. எனக்கு அதைவிடக் குறைவாகப் புரிந்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பெட்டிகளை இடமிருந்து வலமாக அடுக்கினேன். நாம் எழுதுவது அப்படித்தானே! ஆனால் அந்தப் பெட்டிகளில் ஒயர் நுழைகிற ஓட்டை வலது பக்கம், வெளியே வருகிற ஓட்டை இடது பக்கம். ஒவ்வொரு ஒயரும் அடுத்த ஒயரின் மேல் ஏறி இறங்கி, கீழே விழுந்த நூல்கண்டு மாதிரி ஆகிவிட்டது. எப்படியோ மாட்டி, மூன்றையும் மிதித்து, ஒரு தட்டுத் தட்டினேன்.

மகள் காதைப் பொத்திக்கொண்டாள். "எப்பா, தறி ஓடுதா?"

"ஏட்டி, தறியை அப்பவே நிறுத்தியாச்சு. இது நான்தான்."

அடுக்களையிலிருந்து என் மனைவி சொன்னாள்: "தறின்னா சேலையாவது விழும்."

எக்கோ திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் சிவப்புப் பெட்டி ஒன்றாக வாரிக் கரகரவென்று அரைத்துத் தள்ளியது. எது நான் தட்டியது, எது எக்கோ என்று எனக்கே தெரியவில்லை. நான் விடவில்லை. பெட்டியில்தான் கோளாறு என்றேன். பிறகு ஒயரில் கோளாறு என்றேன். பிறகு கொட்டகையின் தகரக் கூரையில் கோளாறு என்றேன். என்னைத் தவிர எல்லாவற்றிலும் கோளாறு கண்டுபிடித்தேன். நாலு நாளாக ஒயர் பக்கம் யார் வந்தாலும் கத்தினேன்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் நூல் வாங்கிக்கொண்டு திரும்பினேன். கொட்டகைக்குள் என் குரல் கேட்டது. நான்தான் வெளியே நிற்கிறேனே என்று எட்டிப் பார்த்தேன்.

மகள் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டு, தொண்டை கட்டின குரலில், வாயைக் கோணலாக வைத்து, "ஏலே, ஒயரை மிதிக்காத!" என்றாள். மகன் அந்தக் கோடியில் சுவரோடு சுவராக ஒட்டி நின்று, அதே கரகரப்போடு, "மிதிக்காத… திக்காத… காத…" என்று குரலை இறக்கிக்கொண்டே போனான். பிறகு இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

அவர்கள் அப்பா விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏலே!" என்று கத்த வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது.

குரல் முதலில் தொண்டையில் கரகரக்கிறது. வாய் அதைக் கோணுகிறது. அப்புறம்தான் சுவர் திருப்பிச் சொல்கிறது. சுவர் முதலில் பேசி, தொண்டை பிறகு கட்டுமா? சிவப்புப் பெட்டி தொண்டை. கறுப்பு வாய். நீலம் சுவர். வாய்ப் பெட்டியைத் தொண்டைக்கு முன்னால் மாட்டுகிறவர்களும் உண்டு என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். அது அவரவர் காதுக்குப் பிடித்தபடி. ஆனால் சுவர் கடைசியில் இருந்தால்தான் ஒவ்வொரு சத்தமும் தெளிவாகத் திரும்பி வரும்.

உள்ளே போய், சிவப்பு, கறுப்பு, நீலம் என்று வலமிருந்து இடமாக மாட்டித் தட்டினேன். சத்தம் கணீரென்று போய், தெளிவாகத் திரும்பி வந்தது.

"எப்பா, எப்படிக் கண்டுபிடிச்சிய?" என்றாள் மகள்.

"யோசிச்சேன்" என்றேன். என் யோக்கியதையைப் பாருங்கள்.

ராயகிரியில் நன்றாகத்தான் வாசித்தேன். கீபோர்டுக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். எனக்குத் தலைக்கனம் ஏறியது. அந்த மிதப்பில் எக்கோவை இன்னும் கொஞ்சம் கூட்டுவோமே என்று நீலப் பெட்டியின் திருகை முழுசாகத் திருகிவிட்டேன். பாட்டு முடிந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். நானும் நிறுத்தினேன். என் கிதார் நிறுத்தவில்லை. "டிங் டிங் டிங்" என்று அது பாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளையின் மாமா மைக்கைப் பிடித்து, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்றார். டிங் டிங். "சாப்பிடாம யாரும் போகக் கூடாது." டிங் டிங் டிங். நான் பதற்றத்தில் சிவப்பை மிதித்தேன், கறுப்பை மிதித்தேன். கடைசியில் முட்டி போட்டு நீலப் பெட்டியைக் கையால் அமுக்கினேன். கீழே இருந்தவர்கள் நான் யாரையோ கும்பிடுகிறேன் என்று நினைத்திருப்பார்கள். படம் எடுக்கிறவர் அன்றைக்குத்தான் என் முகத்தை முழுசாக எடுத்தார்.

கீபோர்டுக்காரர் குனிந்து சொன்னார்: "அண்ணாச்சி, கீபோர்டு இவ்வளவு தூரம் போகாது. அடுத்த கல்யாணம் இளையரசனேந்தல்ல. பெட்டியை நிறுத்தப் படிச்சுட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் மகள் வாசலிலேயே மறித்தாள். "வேன்ல இடம் இருக்கா?"

"இருக்கு. ஆனா டிரம்ஸை என் மடியில வச்சுக்கிடணுமாம்."

"வச்சுக்கிடணுமாம்… கிடணுமாம்… ணுமாம்…" என்றான் மகன், சுவரோரம் நின்று.