ஆளிருக்கும் நிலம்

சனிக்கிழமை மாலை, ஜாசின் ஊரில் என் வீட்டில் தேநீரோடு தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். வானிலைக்குச் சற்று முன் ஒரே வரி: “சொந்த விருப்பின் பேரில் பணியிலிருந்து விலகிய மூத்த செய்தி வாசிப்பாளர் திருமதி ராஜம்மா காலமானார்.” அடுத்த வரி மழை. இருபது ஆண்டு வாசித்தவருக்கு ஒரு வரி, அதிலும் பொய்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். நியாலாஸ் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், பட்டை கீறிப் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய தாய்க்குப் பிறந்தவர் ராஜம்மா அக்கா. குரல் தேர்வுக்குப் போன அன்று ஒருவர், “தோட்டத்து நாக்கு, செய்திக்குச் சரிப்படாது” என்றாராம். அந்த நாக்குதான் பிறகு நாடு முழுக்கத் தமிழ் வீடுகளில் ஒலித்தது. நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் விளையாட்டுச் செய்தி வாசித்தவன். அவருக்கு ஒரு சொல் பிசகி நான் கேட்டதில்லை.

விடுமுறைக்கு இருவரும் ஒரே ரயிலில் எங்கள் ஊர்ப்பக்க நிலையமான புலாவ் செபாங்கில் வந்து இறங்குவோம். தோட்டத்தில் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொள்வார்கள்.

“நாளைக்கு மழ வருமா ராஜம்மா? மரம் வெட்டலாமா, வேணாமா? சொல்லுலா!”

“நான் படிக்கிறவ பெரியம்மா. மழ என் பேச்சயா கேக்கும்?” என்று சிரிப்பார்.

பிறகு தோட்டத்தை விற்றார்கள். கோல்ஃப் மைதானம் வரப்போகிறது, வீடுகளைக் காலி செய்யுங்கள் என்றார்கள். லயத்து வரிசை வீட்டு மக்களுக்கு இருந்த நம்பிக்கை ஒன்றுதான்: “நம்ம ராஜம்மா டிவியில ஒரு வார்த்த சொன்னா போதும்லா.”

அந்தச் செய்தி அவர் கைக்கே வந்தது. “நியாலாஸ் அருகே ஆளில்லாத நிலத்தில் கோல்ஃப் மைதானம்” என்று எழுதியிருந்தது. அக்கா நிமிர்ந்து, குரலில் ஒரு நடுக்கமும் இல்லாமல், “ஆளிருக்கும் நிலத்தில்” என்று வாசித்தார்.

மேலதிகாரி கெஞ்சாத குறை. “நாக்கு தவறிடுச்சுன்னு நாளைக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்கம்மா. அதோட விட்டுடறோம்.”

“தவறல சார். அங்க எங்கம்மா இருக்காங்க.”

மறுநாள் அவருடைய நாற்காலியில் வேறொருவர் இருந்தார்.

அந்த வாரம் அவரோடு நானும் தோட்டத்துக்குப் போனேன். லயத்தில் முன்பே மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள். அவர் வாசித்ததை அங்கே ஒருவரும் பார்க்கவில்லை. வாசலில் நின்ற தாயார் எடுத்த எடுப்பில் கேட்டார்: “இத்தன வருஷம் டிவியில இருந்தியே, நமக்காக ஒரு வார்த்த பேசுனியாடி?”

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். திரும்பும்போது பேருந்தில்தான் காரணம் சொன்னார். “தெரிஞ்சா, நம்மளாலதான் மவ வேல போச்சுன்னு அழுவாங்க தம்பி.” கடைசிவரை சொல்லவேயில்லை. அந்தத் தாயார் மகள்மேல் இருந்த மனத்தாங்கலோடுதான் கண்ணை மூடினார்.

நேற்று அக்காவைத் தகனம் செய்தோம். தொலைக்காட்சி நிலையத்திலிருந்து ஆளில்லாத மலர்வளையம் ஒன்று வந்தது. இரவே தொலைபேசியில் அழைத்து, அந்த வரியைத் திருத்தச் சொன்னேன். அதே மேலதிகாரிதான் பேசினார். “ஒரு வார்த்ததானே சார், விடுங்க.”

ஒரு வார்த்தைக்காகத்தான் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் பக்கத்து நாற்காலிக்காரன் என்ற உரிமையில் நானே வாசிக்கிறேன். செய்தியில் ஒரு திருத்தம்: திருமதி ராஜம்மா பணியிலிருந்து விலகவில்லை, விலக்கினார்கள்.

போய் வாருங்கள் அக்கா. என் நாக்கும் தவறவில்லை.