ஓட்டை டின்னும் வைன் கிளாஸும்

மலாயாவில், ஈஜோக் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், கணக்கெழுதும் கிராணியின் வீட்டில் நான் பாத்திரம் கழுவினேன். ஷெர்ரி கிளாஸ், வைன் கிளாஸ், கிரிஸ்டல் ஜாடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லித்தான் கிராணியம்மா என் கையில் கொடுப்பார். எனக்குத் தேநீர் மட்டும் பின்வாசலில், காலிப் பால் டின்னில்.

வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசரகாலம் வந்தது. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகக்கூடாதென்று, கடைக்காரர்கள் பால் டின்னைச் சேர்த்துவைக்க முடியாதபடி ஆணியால் குத்தித்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு. எங்கள் கடைக்காரர் பக்கவாட்டில் குத்தினார். அந்த டின்னில் ஊற்றிய தேநீர் என் பாவாடையில் ஒழுகியது.

“விரலால அடைச்சிக்கிட்டுக் குடி லா,” என்றார் கிராணியம்மா.

நான் எழுந்து உள்ளே போய் அலமாரியைத் திறந்தேன். வைன் கிளாஸ் ஒன்றை எடுத்து, மிச்சத் தேநீரை அதில் ஊற்றி, அவர் முன்னாலேயே நின்று குடித்தேன்.

“எதுல குடிக்கிறேன்னு தெரியுதா உனக்கு?”

“தெரியும்மா. வைன் கிளாஸ். நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க.”

பிறகு அதைக் கழுவித் துடைத்து, மற்ற ஐந்தோடு கலந்து வைத்தேன். நான் வாய் வைத்தது எது என்று இனி அவருக்குத் தெரியாது. வேண்டுமானால் ஆறையும் உடைக்கட்டும்.