சிசிலியில் கழற்றி வைத்த சப்பாத்து

சிசிலிக்குப் போங்கள் என்று எங்களைத் தள்ளிவிட்டது மெல்பேர்னில் இருக்கும் மகள். என் கணவருக்கு அறுபது முடிந்த வருடம் அது. நான் அறுபதாம் கலியாணம் செய்யவேண்டும் என்று ஐயரிடம் நாள் பார்த்து, மண்டபம் வரைக்கும் விசாரித்து வைத்திருந்தேன். மனுசன் மாட்டேன் என்று விட்டார். சப்பாத்தோடு சாமிக்கு முன்னால் இருக்க முடியாது, சப்பாத்து இல்லாமல் இருக்கவும் முடியாது, ஆகவே கலியாணமே வேண்டாம் என்பது அவருடைய வாதம்.

இந்தச் சப்பாத்துக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நீரிழிவு. முந்தைய வருடம் வலது காலில் ஒரு சின்னப் புண் வந்தது. பாதம் மரத்துப் போயிருந்ததால் வந்ததே அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. நாங்கள் இருக்கிற பரமட்டாவுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் கிடந்து, ஒரு விரலைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். ஒரு விரலோடு போனது அதிர்ஷ்டம், இன்னொரு புண் வந்தால் கால் போகும் என்று பாதங்களைப் பார்க்கிற வைத்தியப் பெண் முகத்துக்கு நேரே சொன்னாள். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. அவருடைய காலுக்கு அளவெடுத்துச் செய்த சப்பாத்து ஒன்று வந்தது. கறுப்பு நிறம், முன்பக்கம் அகலம், பார்க்க அழகில்லாத சாமான். ஆனால் எனக்கு அதைவிடப் பெறுமதியான பொருள் வீட்டில் வேறு இல்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் மட்டும் கோயிலுக்குள் போவேன். அவர் வெளியே காருக்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு மணிச்சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருப்பார். ஐயரே ஒருநாள் காரடிக்கு வந்தார். "உள்ளுக்குப் போட எண்டு ஒரு புதுச் சப்பாத்து வேண்டி வையுங்கோ. வருத்தக்காரருக்குச் சாமி கோவிக்காது" என்று சொல்லிப் பார்த்தார். இவர் சிரித்துத் தலையாட்டினார், இறங்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாமியே விட்டாலும் இந்த மனுசன் விடமாட்டார்.

கோயில் இல்லாத இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ அம்மா, அப்பாவுக்கு மனம் மாறும் என்று மகள் டிக்கெட் போட்டாள். அப்படித்தான் நாங்கள் சின்ன றைஸ் குக்கர் ஒன்றையும் மிளகாய்த்தூளையும் கட்டிக்கொண்டு கற்றானியா விமான நிலையத்தில் போய் இறங்கினோம்.

குறை சொல்வதற்கு நான் ஆயத்தமாகத்தான் போனேன். பயணத்தில் எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அந்த நாடு என்னை அதிகம் குறை சொல்ல விடவில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பாதாம் போட்ட ஐஸும் மெதுமெதுவென்ற பணிசும் கொடுத்தார்கள். காலங்காத்தாலேயே ஐஸ் தின்கிற சனம் என்று நான் முகத்தைச் சுளித்தேன். மூன்றாம் நாள் நானே முதல் ஆளாகப் போய் நின்றேன். அவர் மட்டும் வெறும் பாணும் சீனி போடாத கோப்பியும் எடுத்துக்கொண்டு, நான் தின்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

நொத்தோ என்று ஒரு ஊர். பெரிய பூமியதிர்ச்சியில் பழைய ஊர் நொறுங்கிப் போக, மிச்சமிருந்த சனம் தள்ளி வந்து புது ஊர் கட்டியிருக்கிறது. ஊர் முழுக்கத் தேன் நிறக் கல். பொழுது சாயும் நேரத்தில் அந்தத் தெருவில் நின்றால் நம்முடைய கையும் முகமும் கூட மஞ்சளாகத் தெரியும். ஒரு வீட்டின் மேல்மாடத்தைத் தாங்கிக்கொண்டு கல்லில் செய்த குதிரைகளும் சிங்கங்களும் நிற்கின்றன. எல்லாவற்றையும் இழந்த சனம், தலைக்கு மேல் ஒரு கூரை போதும் என்று நிற்காமல், வீட்டுக்குக் குதிரையும் செதுக்கியிருக்கிறது. கழுத்து நோகும் வரை அதை அண்ணாந்து பார்த்தேன். எங்கள் ஆட்களும் வீடு வாசலை விட்டு வந்தவர்கள்தானே.

மர்சமேமி என்ற கடற்கரைக் கிராமத்தில் பழைய மீன் வாடிக் கொட்டில்களை எல்லாம் சாப்பாட்டுக் கடைகளாக்கியிருந்தார்கள். வழியில் ஒரு வளவில் தக்காளியை வெட்டிப் பலகையில் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். நாங்கள் மோர்மிளகாய் காயப்போடுகிற அதே பக்குவம். அந்த வீட்டுக்காரி நான் எட்டிப் பார்ப்பதைக் கண்டு ஒரு துண்டு எடுத்துத் தந்தாள். உப்பும் புளிப்புமாக நாக்கில் ஏறியது. இன்னும் ஒன்று கேட்டு வாங்கித் தின்றேன், வெட்கப்படவில்லை.

போகிற இடமெல்லாம் என் கண் பாதி கோபுரத்திலும் பாதி அவருடைய காலிலும்தான். கல்லுப் பதித்த ஒழுங்கைகள், ஏற்ற இறக்கம், உடைந்த படிகள். மகளும் ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "அம்மா, அப்பா ஷூஸ் போட்டிருக்கிறாரா? பீச்சிலயும் கழட்ட விடாதீங்கோ, ஓகே?" என்பாள். அறைக்கு வந்தவுடன் நான் அவருடைய பாதங்களை மடியில் எடுத்து வைத்து ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்ப்பேன். அவர் தொலைக்காட்சியில் விளங்காத பாஷையில் கால்பந்து பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியாகச் சிரக்கூசா. பழைய நகரம் கடலுக்குள் ஒரு சின்னத் தீவாக இருக்கிறது. நடுவில் ஒரு சதுக்கம், முழுவதும் வெள்ளைக் கல். யாரோ அப்போதுதான் கழுவிவிட்டுப் போனதுபோல வெயிலில் மினுங்கியது. அதன் ஓரத்தில்தான் பெரிய தேவாலயம். நாங்கள் முதலில் பக்கத்து ஒழுங்கையால் வந்ததால் அதன் பக்கச்சுவரைத்தான் கண்டோம். சுவருக்குள் பாதி புதைந்தபடி மொத்தமான தூண்கள் வரிசையாக நின்றன. கிரேக்கர் காலத்தில் அறிவுக்குரிய பெண் தெய்வத்துக்குக் கட்டிய கோயில் அது. தூண்களை இடிக்காமல் நடுவில் சுவர் வைத்து அடைத்துத் தேவாலயமாக்கியிருக்கிறார்கள். இடையில் கொஞ்சக் காலம் பள்ளிவாசலாகவும் இருந்திருக்கிறது.

அவர் ஒரு தூணில் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். "இரண்டாயிரம் வருசத்துக்கு மேல இதில சனம் கும்பிட்டுக்கொண்டே இருக்குதப்பா. சாமி மாறியிருக்கு, இடம் மாறேல்லை" என்றார். நல்ல கதை என்று சொல்லிவிட்டு நான் சதுக்கத்துப் பக்கம் நடந்தேன். அங்கே ஒரு கலியாணப் பொம்பிளை வெள்ளை உடுப்போடு படம் எடுத்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அவர் என்னைக் கடந்து போனதைக் கவனிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். தேவாலயத்துப் படிக்கட்டின் அடியில், ஓரமாக, அந்தக் கறுப்புச் சப்பாத்து இருந்தது. கோயில் வாசலில் வைப்பதுபோலச் சோடியாகச் சேர்த்து, கால் மேசுகளை மடித்து உள்ளே செருகி வைத்திருந்தார். சனம் அதைச் சுற்றி நடந்துபோனது. ஒரு வெள்ளைக்காரப் பெடியன் அதையும் ஏதோ பார்க்கவேண்டிய சாமான் என்று நினைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

மனுசன் வெறுங்காலோடு உள்ளே போய்விட்டார். சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு படியேறினேன். வாசலில் டிக்கெட் கொடுக்கிற பெண் என் கையில் ஆண்பிள்ளைச் சப்பாத்தைக் கண்டு திகைத்து நின்றாள். "மை ஹஸ்பண்ட்" என்றேன். அதற்குமேல் என்னத்தை விளங்கப்படுத்துவது? என்ன நினைத்தாளோ, கையைக் காட்டி உள்ளே விட்டாள்.

உள்ளே ஒரு தூணடியில் வெறுங்காலோடு கைகூப்பி நின்றார். கண் மூடியிருந்தது. அந்த முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் ஒரு வருடத்துக்கு மேலாகக் காணவில்லை. அதுவும் சேர்ந்து எனக்குக் கோபத்தைக் கிளப்பியது.

"என்ன விசர் வேலை இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லக் கேட்டேன்.

"கோயிலெல்லோ" என்றார்.

"கண்ணாடித் துண்டு கிண்டு ஏறியிருந்தா உங்களுக்குத் தெரியுமே? இருங்கோ இதில."

பக்கத்தில் இருந்த மர வாங்கில் இருத்திவிட்டு அவருக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். போன் வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா நான் செபிக்கிறேன் என்று நினைத்து மரியாதையாகத் தள்ளியிருந்தாள். இந்த மனுசனைத் துண்டு துண்டாகப் பறிகொடுக்கப் போகிறேனோ என்ற பயம் எனக்கு அந்த விரல் போன நாளிலிருந்து இருக்கிறது. வெளியே சொன்னதில்லை, ஏச்சாகத்தான் வாயில் வரும். பாதத்தில் காயம் ஒன்றும் இல்லை. வெறும் தூசிதான். ஈரக் கடதாசியால் துடைத்து, மேசு போட்டு, சப்பாத்தை இறுக்கிக் கட்டினேன்.

எழும்பி அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். கோபம் இறங்கியிருந்தது. "சரி, ஆசை தீர நிண்டாச்சு. எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

"ஒண்டும் தெரியேல்லையப்பா" என்றார். "பஞ்சில நிக்கிற மாதிரித்தான் இருந்தது. கல்லு குளிரோ சூடோ எண்டுகூடத் தெரியேல்லை."

ஆஸ்பத்திரியில் விரல் போனபோதும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. எட்டி அவர் கையைப் பிடித்தேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"நீர் உம்மட செருப்பைக் கழட்டிப்போட்டு ஒருக்கா நடந்துபோட்டு வந்து சொல்லுமன்."

கழற்றினேன். டிக்கெட் கொடுத்த பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று விட்டு, நடுவால் பீடம் வரை நடந்து, ஒரு பக்கத்துத் தூண்களின் ஓரமாகத் திரும்பி வந்தேன்.

"குளிருது. நல்ல குளிர், முழங்கால் வரைக்கும் ஏறுது" என்றேன். "நடுவில சனம் நடந்து நடந்து வழுவழுப்பா இருக்கு. தூணடியில மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மற்றப் பக்கத்தாலயும் ஒருக்கா நடந்துபோட்டு வாரும்" என்றார்.

போனேன்.