மூன்று தையல்

பச்சை சாட்டின் துணியில் மஞ்சள் நூலால் ‘மிராசுதார் சங்கம்’ என்று தைத்த பேனர். அதன் பின்பக்கம்தான் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மெஷினில் எழுத்துத் தைக்கும்போது ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நூல் அப்படியே ஓடும். மேலே புள்ளி வைக்கத் தனியாக ஒரு தாவல். ஓடிய நூலை வெறுமனே வெட்டினால் இரண்டு இழுப்பில் எழுத்தே பிரிந்துவிடும். அதனால் என் அண்ணி ஒவ்வொரு எழுத்து முடியும்போதும் ஊசியை ஒரே இடத்தில் மூன்று தடவை இறக்கி ஏற்றுவார்; அதுதான் முடிச்சு. பிறகுதான் நான் கத்தரியை வைக்கலாம். மாயவரம் கடைத்தெருவில் அந்த வேலை அண்ணிக்கு மட்டும்தான் அத்தனை சுத்தமாக வரும்.

அந்த வருஷம் மேடைக்கு மேடை, உழுகிறவனுக்கே நிலம் என்று பேசினார்கள். அதை நம்பித் தொலைத்த என் அண்ணன், குத்தகை வயலை விட்டு இறங்க மாட்டேன் என்று விளைந்த கதிரைத் தானே அறுத்தார். மிராசுதார் திருட்டுக் கேஸ் கொடுத்தார். அண்ணனை லாக்கப்பில் போட்டு அடித்தார்கள். மூன்றாம் நாள் மிராசுதாரின் காரியஸ்தர் எங்கள் தையல் கடைக்கு வந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குள் பேனர் தயாரானால் கேஸை வாபஸ் வாங்கச் சொல்கிறேன் என்றார். அண்ணி உடனே துணியை வாங்கித் தையல் வளையத்தில் மாட்டினார்.

நான் கத்தரியைக் கையில் எடுத்தேன். முடிச்சே போடாதீங்க அண்ணி, சும்மா வெட்டிவிடுகிறேன், கூட்டத்தில் அவர்கள் மானம் பிரிந்து தொங்கட்டும் என்றேன். அண்ணி மெஷினை நிறுத்தவேயில்லை.

“பிரிஞ்சா உங்க அண்ணனைக் கொன்னே போட்டுடுவாங்கடி. ஒழுங்கா வெட்டு.”

வெட்டினேன். அழுதுகொண்டேதான் வெட்டினேன், ஆனால் ஒரு பிசிறு விடவில்லை.

சொன்னபடி வெள்ளிக்கிழமை அண்ணனை விட்டார்கள். வருகிற வழியில் கூட்டப் பந்தலில் பேனரைப் பார்த்திருக்கிறார். யார் கைவேலை என்று அவருக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகமெல்லாம் வீங்கிப்போய் வாசலில் நின்றார். சோறு வடித்துக்கொண்டிருந்த அண்ணி ஈரக் கையோடு ஓடி வந்தார்.

“இதுக்கு நான் உள்ளேயே செத்திருப்பேனே,” என்றார் அண்ணன். படி ஏறாமலே திரும்பி நடந்துவிட்டார்.

முத்துப்பேட்டைப் பக்கம் படகு வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு அண்ணி இரண்டு தடவை போய் நின்றார். அண்ணன் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் அண்ணி இறந்தும் போய்விட்டார்.

இப்போது கம்ப்யூட்டர் மெஷின் தானே முடிச்சுப் போட்டுத் தானே வெட்டிக்கொள்கிறது. அதைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. என் கையில் அன்று கத்தரி இருந்தது. அந்த மூன்று தையலையும் சேர்த்து வெட்டியிருக்கலாம். அண்ணன் லாக்கப்பிலேயே கிடந்திருப்பார். ஆனாலும் அண்ணிக்குப் புருஷனாக இருந்திருப்பார்.