மேடையில் என்னைக் குரங்கு என்றாள்

தொண்ணூறுகளின் கடைசியில், நெய்வேலி நகரியத்தில் எங்கள் மாதா கோயில் திருவிழாவில் நடந்தது இது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். கான்ட்ராக்ட் ஆளாக நிலக்கரி மைன்ஸில் மண் அள்ளி, பர்மனன்ட் ஆகி, மலை மாதிரி இருக்கும் எந்திரத்தையே ஓட்டியவன். எங்கள் பிளாக்கில் முதல் கலர் டிவி என் குவார்ட்டர்ஸில்தான். அப்பேர்ப்பட்ட எனக்கும் ஒரு குறை இருந்தது. கணவனை இழந்தவளை நான் கட்டிக்கொண்டபோது அவள் மகளுக்கு ஏழு வயது. பத்து வருடமாகியும் அந்தப் பெண் என்னை அப்பா என்று கூப்பிட்டதில்லை. எது வேண்டுமானாலும், "அவருகிட்ட சொல்லும்மா" என்பாள்.

திருவிழாவில் பட்டிமன்றம். குடும்பப் பாசம் பரிணாமத்தால் வந்ததா, படைத்தவன் தந்ததா? கோயில் வளாகத்தில் பரிணாமத்துக்குப் பேச யார் வருவார்? பிளஸ் டூவில் உயிரியல் படித்த என் மகள்தான் துணிந்தாள். சொந்த இரத்தத்தைக் காப்பாற்றிய உயிர்கள்தான் தழைத்தன, பாசம் அப்படி வந்தது என்று வெளுத்து வாங்கினாள். முதல் வரிசையில் நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

எதிரணியில் எங்கள் கோயில் உபதேசியார் எழுந்தார். "எல்லாம் ரத்தம்னு சொல்றியே பாப்பா, நைட் ஷிஃப்ட் முடிச்சி தூங்காம உன்ன சைக்கிள்ல வெச்சிகினு டியூஷனுக்குப் போறாரே, அவருக்கும் உனக்கும் என்னா ரத்தம்?"

ஒன்றுமில்லை என்று ஊரறியச் சொல்லிவிடுவாளோ? எழுந்து போய்விடலாமா என்றிருந்தது.

அவள் மைக்கைப் பிடித்தாள். "ஐயா, குரங்குக் கூட்டத்துல அடுத்தவங்க குட்டியயும் மடியில போட்டு வளக்குற ஆண் குரங்கு உண்டுங்க. எங்கப்பாவும் அப்படித்தான்!"

சிரிப்பில் பந்தலே அதிர்ந்தது. பக்கத்திலிருந்த ஷிஃப்ட் கூட்டாளி என் தொடையில் தட்டினான். "யோவ், உன்ன குரங்குன்னுட்டாய்யா!"

"சொல்லட்டும்யா. குரங்குக்கு அப்புறம் என்னான்னு சொன்னா? அத இன்னொரு தபா சொல்லு" என்றேன். கண் கலங்கியதை அவனுக்குக் காட்டவில்லை.

தீர்ப்பு கடவுள் பக்கம் போனது. ஆறுதல் பரிசான எவர்சில்வர் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்தவள், "மெதுவா போப்பா" என்றாள். மெதுவாகவே போனேன், நகரியத்தையே ஒரு சுற்றுச் சுற்றி.

பாசத்தைப் படைத்தவன் தந்தானா, குரங்கு தந்ததா என்று எங்கள் வீட்டில் தாயும் மகளும் இன்றும் மல்லுக்கு நிற்கிறார்கள். யார் தந்திருந்தாலும், அதைப் பத்து வருடம் சைக்கிள் மிதித்துச் சம்பாதித்தவன் நான்.